வெள்ளைக் கொடி கட்டாத வீடு

தவமலர் டீச்சரின் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது நான் கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டு வாசலில் மீன்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி விடியக்காலமை போயிட்டாள், செல்வி" என்றார். நித்திரையிலேயே போய்விட்டாராம். அவரே தொடர்ந்தார்: "கெதியா வாங்கோ. பக்கத்து வீட்டுப் பெடியள் வெள்ளைக் கொடியோட வந்து நிக்கினம். வாசல் படலையில வெள்ளை கட்டக் கூடாது எண்டு இவள் எனக்குச் சொல்லி வச்சவள். எனக்கு அதைச் சிங்களத்தில விளங்கப்படுத்தத் தெரியேல்லை." மீனை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

டீச்சரின் சாவுக்கு வந்த உங்களில் பலர் அன்று குண்டசாலைச் சந்தியில் இறங்கித் திகைத்து நின்றீர்கள். நம் ஊரில் சாவு வீட்டுக்கு யாரும் வழி கேட்பதில்லை. பெருந்தெருவிலிருந்து வெள்ளைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வீடு வந்துவிடும். அன்று கொடி இல்லை. "என்னா செல்வி, இவ்வளவு பேர் இருந்தும் ஒரு கொடி கட்ட ஆளில்லையா?" என்று என்னைக் கடிந்துகொண்டவர்களும் உண்டு. சந்தியில் குடையோடு நின்று வழிகாட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்போது பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்தோம். ஆண்டுக்கணக்காக எங்களை விடாமல் பிடித்திருந்தது ஒரு பழைய அமெரிக்க நாவல். ஆற்றங்கரையில் ஒரு பெண். புருஷன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. படகில் வந்தால் தூரத்திலிருந்தே அவன் வீட்டை அடையாளம் காண வேண்டும் என்று, அவள் தினமும் வேலியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் அந்தத் துணி இல்லை. யார் அவிழ்த்தது, ஏன் அவிழ்த்தது என்று கதை சொல்வதில்லை. கடையில் விற்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் மட்டும் எல்லாம் தெரிந்தவைபோல எழுதியிருக்கும்: வெள்ளைத் துணி நம்பிக்கையின் குறியீடு, நாவலின் கருப்பொருள் காத்திருத்தல். "கோழிக்குத் தீனி போடுற மாதிரி எழுதி வச்சிருக்கிறாங்கள்" என்பார் டீச்சர்.

ஒரு முறை மாணவி ஒருத்தி பரீட்சையில் இப்படி எழுதியிருந்தாள்: அந்த வீட்டில் சாவு விழுந்துவிட்டது, கொடி கட்டியவளுக்கு மட்டும்தான் அது தெரியாது. நான் சிவப்புப் பேனாவால் வெட்டினேன். டீச்சர் அந்தத் தாளை எடுத்து வாசித்தார்.

"ஏன் வெட்டினனீங்கள், செல்வி?"

"அமெரிக்காவுல வெள்ளைக்கு அந்த அர்த்தம் இல்லையே டீச்சர். இந்தப் புள்ள நம்ம ஊரு வழக்கத்தக் கொண்டுபோய் அங்க வச்சிருக்கு."

"ஓம். ஆனா பிள்ளை இஞ்ச இருந்துதானே வாசிக்கிறாள்? வெள்ளை என்னெண்டு கேக்காதேங்கோ. ஆர் பாக்கினம் எண்டு கேளுங்கோ."

என் வெட்டுக்கு மேலே தானே ஒரு சரி போட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் வீட்டுக்குப் போகும்வரை எனக்குக் காரணம் தெரியாது.

குண்டசாலை வீட்டின் முன்னறையில் அவருடைய தம்பியின் படம் மாட்டியிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சண்டைக் காலத்தில் ஒருநாள் பஸ் ஏறியவர், போய்ச் சேரவில்லை. உடலும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்ய ஐயரைக் கூப்பிடலாம் என்று உறவினர்கள் சொன்னபோது டீச்சர் சம்மதிக்கவில்லை. அதனால் படத்துக்கு மாலை இல்லை, விளக்கு இல்லை. அந்த வீட்டில் வெள்ளையாக எதுவுமே இருக்காது. யன்னல் சீலை மஞ்சள், மேசை விரிப்பு பச்சை. "என்னா டீச்சர், கல்யாண வீடு மாதிரி வச்சிருக்கீங்க" என்று ஒருநாள் கேலி செய்தேன். "ஒருத்தன் வர இருக்கிறானே" என்றார்.

பிறகுதான் அந்த மழை நாள் வந்தது. டீச்சர் வீட்டு ஒழுங்கையின் கோடியில் ஒரு சிங்களக் குடும்பத்தில் சாவு. கொடி கட்டிக்கொண்டே போன பையன்கள், போகிற போக்கில் டீச்சரின் கேட்டிலும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பின்னேரம் ஒரு முதியவர் வந்தார். வெள்ளைச் சாரம், கறுப்புக் குடை. யாரையும் எதுவும் கேட்காமல் நேரே உள்ளே வந்து, தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினார். படத்துக்குக் கீழே ஒரு வெள்ளை அரலியாப் பூவை வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். இதை டீச்சர் எனக்கு மறுநாள் ஆசிரியர் அறையில் வைத்துச் சொன்னார்.

"ஆரெண்டு கேக்காமலே அடுப்படிக்குப் போயிட்டன், செல்வி. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன், ஆளில்லை. கதிரை மட்டும் நனைஞ்சு கிடக்குது."

"பாவம், கொடியப் பார்த்து வீடு மாறி வந்திருப்பாரு" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான் இருக்கும். ஆனா இஞ்ச பெட்டி இல்லை, அழுற ஆக்கள் இல்லை. மாலை போடாத படத்தைப் பாத்து, செத்தது இவன்தான் எண்டு அவருக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அந்தச் செத்த வீட்டில் டீச்சர் விசாரித்தபோது, அப்படியொரு முதியவரை அங்கே யாருக்கும் தெரியாது. டீச்சர் அந்தக் கொடியைத் தன் கையாலேயே அவிழ்த்திருந்தார். அந்த ஆண்டு நாவலின் கடைசி அத்தியாயம் வந்தபோது, "இதை மட்டும் நீங்கள் எடுங்கோ" என்றார். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அவருடைய வகுப்புக்கும் கடைசி அத்தியாயத்தை நான்தான் எடுத்தேன். அவர் வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஒருநாள் வகுப்பு முடிந்து வந்த என்னிடம் சொன்னார்: "அந்தப் பொம்பிளைதான் துணியை அவிட்டவள் எண்டால், அவன் வந்திட்டான் எண்டதாலயோ, வரமாட்டான் எண்டதாலயோ? நான் அவிட்டது ஏனெண்டு எனக்கே தெரியேல்லை."

டீச்சர் இறந்த அன்று அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கொடியோடு நின்ற பையன்களிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. தம்பி திரும்பி வரும்போது வெள்ளையைக் கண்டால் வாசலிலேயே மனம் உடைந்து போவான், அதுதான் டீச்சரின் பயம் என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் தலைகுனிந்து கொடிகளைச் சுருட்டினார்கள். அப்படியென்றால் வருகிறவர்களுக்கு யார் வழி காட்டுவது என்று ஒருவன் கேட்டான். நான் நிற்கிறேன் என்று சந்திக்குப் போனேன்.

நீங்கள் எல்லோரும் உள்ளே போன பிறகு, மழை சற்று வலுத்த நேரத்தில், பெருந்தெருப் பக்கமிருந்து ஒரு முதியவர் வந்தார். வெள்ளைச் சாரம், கறுப்புக் குடை. வழி சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒழுங்கைக்குள் திரும்பி நடந்தார். மழைக்காலத்துக் கண்டியில் கறுப்புக் குடை பிடிக்காத கிழவர் யார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கால் நிற்கவில்லை, பின்னாலேயே போனேன். வீட்டில் பெட்டியைச் சுற்றி நம் ஆட்கள்தான் இருந்தார்கள். அக்காவிடம் கேட்டேன். "அப்பிடி ஒருத்தரும் வரேல்லையே" என்றார்.

தம்பியின் படத்துக்குக் கீழே ஓர் அரலியாப் பூ இருந்தது. ஈரமாக இருந்தது. அன்று பூவோடு வந்தவர்கள் எத்தனையோ பேர், உங்களில் யாராவதுகூட வைத்திருக்கலாம். யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. அதை எடுத்துப் பெட்டிக்குள், டீச்சரின் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது உங்களுக்கு வந்தது டீச்சர், தம்பிக்கு இல்ல" என்றேன். அதற்குப் பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அக்கா யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிட்டார். குண்டசாலை வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. புத்தகங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போயின. தம்பியின் படத்தை மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். அடுத்த தவணையில் கடைசி அத்தியாயத்தை எடுக்கும்போது வராந்தாவில் யாரும் நிற்க மாட்டார்கள். வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்டால், யார் பார்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்வி இனி என்னுடையது, தம்பிக்காக இருந்த அந்தக் காவலும்தான்.

படம் இப்போது மஹய்யாவையில் எங்கள் முன்னறையில் இருக்கிறது. டீச்சரை நினைத்து யார் வேண்டுமானாலும் வாருங்கள், இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போங்கள். பூ மட்டும் கொண்டுவர வேண்டாம்.