நினைவு ஆராதனை நாளில் தவறிய பரீட்சை

விசுவாச வீட்டாரே,

சபையின் முன் எழுந்து நின்று சாட்சி சொல்லப் பழகியவன் அல்லன் நான். அதனால் இதை எழுதித் தருகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டும்.

எங்கள் ஒரே மகன் ஜெயசீலன் இறந்து இந்த ஏப்ரலுடன் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பிக்கரிங் நகரில் வேலைத்தலத்தில் திடீரென்று விழுந்தான். ஆஸ்பத்திரியில் சில நாட்கள் நினைவின்றிக் கிடந்தான். அந்த நாட்களில் நான் ஜெபித்ததைப் போல வாழ்நாளில் ஒருபோதும் ஜெபித்ததில்லை. கேட்டது கிடைக்கவில்லை. அவனுடைய தாய் அதற்கு முன்பே கர்த்தருக்குள் நித்திரை அடைந்திருந்தாள். அவள் இதைப் பார்க்க இருக்கவில்லையே என்பதற்காக மட்டும் அன்று நன்றி செலுத்தினேன்.

இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்று, மகனிடம் இந்த நாட்டுக்கு வந்தவன் நான். எதற்கும் காரணம் தேடுவது என் தொழிலாக இருந்தது. மகனின் மரணத்துக்குக் காரணம் தேடித் தேடிக் களைத்துப்போனேன். ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. எல்லோரும் எழும்பும்போது எழும்பினேன், இருக்கும்போது இருந்தேன். ஜெபிக்க மட்டும் முடியவில்லை. தேவைகள் இல்லாமல் அல்ல. கேட்பதற்கான பலம் என்னிடம் இருக்கவில்லை.

மல்வேர்ன் பகுதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் ஒன்றில் நானும் மருமகள் நிர்மலாவும் சிறுமியான பேத்தி மெலனியும் வாழ்கிறோம். நிர்மலா பேக்கரி ஒன்றில் அதிகாலை ஷிப்ட் வேலை செய்கிறாள். என் மகன் சீலன் உயிருடன் இருந்தபோதே அவளை ஒரு சமூகக் கல்லூரியில் சேர்த்துவிட்டிருந்தான். சமூக சேவைத் துறையில் இரண்டு ஆண்டு டிப்ளோமா. அதைப் போதிய புள்ளிகளுடன் முடித்தால், அந்தக் கல்லூரியுடன் உடன்பாடு செய்துகொண்ட பல்கலைக்கழகம் அவளை நேரே மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும். நான்கு ஆண்டுகளையும் பல்கலைக்கழகத்திலேயே கழிக்க எங்கள் வீட்டில் வசதி இல்லை. கல்லூரியில் கட்டணம் குறைவு. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், வேலையையும் விட வேண்டியதில்லை. முடிவில் கையில் கிடைப்பது அதே பட்டம்தான்.

முதலாம் ஆண்டுப் பரீட்சைகள் முடிந்து சில நாட்களில் சீலன் போய்விட்டான். அந்தச் செப்டெம்பரில் அவள் படிப்பை விட்டுவிடுவாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் விடவில்லை. காலையில் வேலை, பின்னேரம் வகுப்பு, இடையில் பிள்ளை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். தான் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்த நாட்களும் உண்டு.

மறு ஏப்ரலில் சீலனுடைய முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை வந்தது. லண்டனிலிருக்கும் என் அக்கா வருவதற்கு வசதியான நாளும் மண்டபம் கிடைத்த நாளும் பொருந்தியது ஒரு சனிக்கிழமையில். உண்மையில் அது அவன் இறந்த தேதிக்கு ஒரு வாரம் முந்தியது. ஆராதனை நன்றாக நடந்தது. நிர்மலா வெளிர் நிறச் சேலையில் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றாள். ஸ்ரௌவ்வில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவளை விசாரித்தது என் காதில் விழுந்தது.

"இப்ப என்ன செய்யிறாய் பிள்ளை?"

"கொலிஜுக்குப் போறன், அங்கிள்."

"கொலிஜுக்கோ? ஏன், கம்பஸ் கிடைக்கேல்லையோ?"

கம்பஸ் என்று அவர் சொன்னது பல்கலைக்கழகத்தை. அவள் சிரித்து, அவருக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தாள்.

மே மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் சமையலறையில் நின்றபடியே சொன்னாள்.

"மாமா, நான் செப்டெம்பருக்கு யூனிவர்சிற்றிக்குப் போகேல்லை. பேக்கரியில முழுநேரம் தாறம் எண்டு சொல்லுகினம்."

"ஏன் பிள்ளை?"

"ஒரு பாடம் பெயில்."

எந்தப் பாடம் என்று கேட்டேன். புள்ளிவிபரவியல். அவள் அதில் கெட்டிக்காரி என்பது எனக்குத் தெரியும். மீண்டும் மீண்டும் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. கடைசிப் பரீட்சை நடந்தது அந்தச் சனிக்கிழமை காலையில். அவள் போகவில்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது மாமா? ஹோல் புக் பண்ணினாப் பிறகுதான் சோதினை நாள் போட்டவை. லண்டன் மாமி ரிக்கெற்றும் எடுத்திட்டா. உங்களுக்குச் சொன்னா நாளை மாத்துவம் எண்டுவியள். பிறகு சனம் என்ன கதைக்கும்? புருசன்ர நினைவு நாளைவிட உவளுக்குச் சோதினை பெரிசாப் போச்சு எண்டுதானே?"

கதைத்திருப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அந்தப் பாடம் இல்லாமல் பல்கலைக்கழகம் அவளைச் சேர்க்காது. மறுபடியும் படிப்பதென்றால் ஓர் ஆண்டு போய்விடும்; கிடைத்த இடமும் போய்விடும். இன்னுமோர் ஆண்டை இழுக்கும் தெம்பு அவளிடம் இல்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மதியச் சோற்றைச் சூடாக்கி எனக்குப் போட்டுத் தந்துவிட்டுப் படுக்கப் போனாள். தன் கணவன் தொடக்கிவைத்த ஒன்றை அவனுடைய நினைவு நாளிலேயே அவள் இழந்திருந்தாள். அவனுக்குப் பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

பரீட்சைக்கு வராத மாணவர்களின் விடயத்தில் முடிவெடுக்கும் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். முன்னறிவித்தல் இல்லை, மருத்துவச் சான்று இல்லை என்றால் விதி என்ன சொல்லும் என்பது எனக்கு மனப்பாடம். ஆகவே மனித வழியில் நான் நம்பிக்கை எதையும் காணவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்வரிசையில் குடியிருக்கும் ரெஜினா வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், எதையும் உரத்துப் பேசுகிறவர். ஒவ்வொருவரிடமும் ஜெப விண்ணப்பம் கேட்பது அவர் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை நிர்மலாவும் என்னுடன் வந்திருந்தாள். ஒருவருக்கு முழங்கால் ஒபரேஷன், ஒருவருக்கு விசா. என்னிடம் வந்தபோது, "அண்ணைக்கு வழமைபோல ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டு அடுத்தவரிடம் போகத் திரும்பினார்.

"இருக்கு" என்றேன்.

நிர்மலா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சங்கடம் என்பது தெரிந்தும் சொன்னேன். "மருமகளுக்குக் கொலிஜில் ஒரு பரீட்சை தவறிவிட்டது. வழி திறக்க வேண்டும்."

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், "கொலிஜ் சோதினைக்கும் ஜெபமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஏன், டிரைவிங் ரெஸ்ருக்கு ஜெபிக்கலாம், கொலிஜுக்குக் கூடாதோ?" என்றார் ரெஜினா. "உங்கட பேரன் மூண்டு தரம் கோட்டை விட்டவன். அதுக்கெல்லாம் ஆண்டவருக்குக் கரைச்சல் குடுத்தனாங்கள்தானே!"

பெரியவரே சிரித்துவிட்டார். ரெஜினா நிர்மலாவின் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை தவறினது? படிக்கேல்லையோ?"

"அண்டைக்குத்தான் அன்ரி நினைவு ஆராதனை."

ரெஜினாவின் குரல் தாழ்ந்தது. "அதை ரீச்சருக்குச் சொன்னனியே?"

"இல்லை. செத்து ஒரு வருசமான ஆளுக்கு ஆர் அன்ரி லீவு தருவினம்?"

"கேட்டுப் பாத்தனியே?"

"இல்லை."

"அப்ப அவை இல்லை எண்டு சொல்லேல்லை. நீதான் அவைக்காகவும் சேத்து இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறாய். என்ர மூத்தவளும் உந்த வழியாலதான் போனவள். ரெண்டு வருசம் கொலிஜ், ரெண்டு வருசம் யூனிவர்சிற்றி. கலியாணக் கார்டில பட்டத்தைப் போட்டம், கொலிஜ் எண்டு போடேல்லை, அவ்வளவுதான். அவளும் கேட்டுக் கேட்டுத்தான் முடிச்சவள். ஆண்டவருக்கு ஈமெயில் இல்லை, அந்த ரீச்சருக்கு இருக்கு. நீ அவவுக்கு எழுது. நாங்கள் ஆண்டவரிட்டைக் கேக்கிறம்."

பிறகு எல்லோரும் கண்ணை மூடினார்கள். ரெஜினா நீண்ட நேரம் ஜெபித்தார். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

நிர்மலா எழுதினாள். நேரில் வரும்படி ஆசிரியை பதில் அனுப்பினார். தனியாகப் போகக் கால் வரவில்லை என்றாள். நானும் பஸ்ஸில் கூடப் போனேன். அவள் அறைக்குள் போக, நான் வெளியே நடையில் போட்டிருந்த நீண்ட வாங்கில் அமர்ந்தேன். என் எதிரே பிள்ளைகள் காப்பிக் கோப்பைகளுடன் போய்க்கொண்டிருந்தார்கள். தலை நரைத்த மாணவர்களும் இருந்தார்கள். கண்ணை மூடாமலே, "ஆண்டவரே" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஓர் ஆண்டுக்கும் மேலாகப் பேசாத ஒருவரிடம் திடீரென்று எதைச் சொல்வது? மருமகளின் பெயரைச் சொன்னேன். அதனுடன் மகனின் பெயரும் வந்தது. அதை நான் தடுக்கவில்லை. என் ஜெபம் அவ்வளவுதான்.

அவள் வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றையும் அறிய முடியவில்லை.

"ரீச்சர் கானா நாட்டுக்காரி, மாமா. அவையளும் ஆள் செத்து ஒரு வருசத்தில சனத்தைக் கூப்பிட்டு இப்பிடித்தான் செய்யிறவையாம். தன்ர தாய்க்குச் செய்ததைச் சொன்னவ."

"அப்ப விடுவாவோ?"

"தன்ர கையில இல்லையாம். மேல கேக்கோணுமாம். முதலே சொல்லியிருந்தா அப்பவே வேற நாள் தந்திருப்பாவாம்." பிறகு, "ஏன் சொல்லேல்லை எண்டுதான் திருப்பித் திருப்பிக் கேட்டவ. இங்கிலீசில அதை எப்பிடி மாமா சொல்லுறது?" என்றாள்.

தமிழிலும் அதைச் சொல்வது சுலபமல்ல என்று எண்ணிக்கொண்டேன்.

அதன் பிறகு காத்திருந்தோம். காத்திருப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த நாட்களில் மீண்டும் ஜெபிக்கிறவனாக இருந்தேன். முழங்காலில் நிற்க இப்போது முடியாது. கட்டில் ஓரத்தில் அமர்ந்து, அந்த இரண்டு பெயர்களையே சொன்னேன். இரவல் வாங்கிய பலம் போலிருந்தது. முன்பு கிடைக்காமல் போனது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வந்தது. அப்படியிருந்தும் கேட்டேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், சப்பாத்தைக் கழற்றாமலே மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடினேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"எழுதலாமாம் மாமா. ஜூனில, சுகமில்லாமல் விட்ட பிள்ளையளோட சேத்து."

அப்போதுதான் அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

படிப்பிக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, நீங்கள் விளங்கப்படுத்தினா எனக்கு உள்ளதும் குழம்பிப்போம்" என்றாள். ஆகவே நான் சோறு சமைத்தேன். மெலனியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். மெலனி என் சமையலைப் பற்றித் தாயிடம் முறைப்பாடு செய்தாள். தாய் படிப்பிலிருந்து தலை நிமிர்த்தாமல், "சாப்பிடு" என்றாள்.

நிர்மலா பரீட்சையில் சித்தியடைந்தாள். மிகச் சிறந்த புள்ளி அல்ல. பல்கலைக்கழகம் கேட்டிருந்த புள்ளி. செப்டெம்பரில் மூன்றாம் ஆண்டு மாணவியாக அங்கே போனாள். இன்று அவள் தன் இறுதித் தவணையில் இருக்கிறாள். இன்னும் அதிகாலையில் பேக்கரிக்குப் போகிறாள், பஸ்ஸிலும் இன்னும் தூங்குகிறாள். எங்கள் வீட்டில் களைப்புக் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் களைப்புக்கு இப்போது ஒரு முடிவு தெரிகிறது.

என்னில் நடந்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். சென்ற மாதம் அக்கா லண்டனிலிருந்து பேசினார். மூன்றாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு வர விரும்புகிறார். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமையைச் சொன்னார். நிர்மலா கேட்டுக்கொண்டு நின்றாள். முன்பென்றால் இருவருமே தலையசைத்திருப்போம்.

"அக்கா, நிர்மலாவுக்கு அப்ப கடைசிச் சோதினையள். அது முடிஞ்ச பிறகு வைப்பம்" என்றேன்.

சீலனைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் மனம் நோகுமே என்று பயந்தேன். ஆனால் அவர் கேட்டார்.

"எப்ப முடியுது? அதுக்குப் பிறகு ரிக்கெற் போடுறன். பட்டமளிப்புக்கும் நிக்கலாமோ?"

நிர்மலா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

பிரியமானவர்களே, என் மகனுக்காக நான் கேட்டது ஏன் மறுக்கப்பட்டது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவன் போல இங்கே எழுதினால் அது பொய்ச்சாட்சியாகும். அந்தத் துக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதே ஆண்டவர் ஒரு கல்லூரிப் பரீட்சைக்காகச் சொல்லப்பட்ட இரண்டு பெயர்களுக்குச் செவிகொடுத்தார். இதற்கு நான் சாட்சி. அவருக்கு நன்றி செலுத்துகிறேன்.

பெரிய விண்ணப்பம் ஒன்று மறுக்கப்பட்டு, அன்றோடு வாய் மூடிப்போனவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். உங்களுக்காகவே இதை எழுதினேன். சிறியதாக ஒன்றைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, எழுந்து போய், அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மனுஷியிடமும் கேளுங்கள். கதவு திறக்கும்வரை வெளியே வாங்கில் இருக்க ஆள் வேண்டுமென்றால், நான் வருகிறேன்.