காசியும் இல்லை, காஜியும் இல்லை: ஓர் எழுத்துக்காக மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை

பம்பாயில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி மூன்றையும் ஒரே நாளில் சுற்றிவிட முடியுமா என்று சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். முடியும். அறுபதுகளின் நடுவில், ஒரு மே மாதச் சனிக்கிழமை, நான் சுற்றியிருக்கிறேன். ஊர் பார்க்க அல்ல. ஒரு கால்பந்துக்காரனின் பெயரை ஒழுங்காக எழுதி வாங்குவதற்காக.

அப்போது நான் மாட்டுங்காவில் குடியிருந்த குமாஸ்தா. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியில், தாராவியில் தோல் கிட்டங்கி, அதாவது கிடங்கு, ஆட்கள் நடத்திய கால்பந்து அணிக்கு என்னைச் செக்ரட்டரி ஆக்கியிருந்தார்கள். எங்கள் இடது ஓரத்தில் ஆடியவன் இராக்கின் பஸ்ராவிலிருந்து படிக்க வந்த அரபுக்காரன். காசி என்று கூப்பிடுவோம். இரண்டு வருஷம் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தான். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு அவனுக்குக் கப்பல். பஸ்ராவில் ஒரு கம்பெனி, தன் அணியில் சேர்த்துக்கொண்டு வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. இங்கே ஆடியதற்கு அணித் தலைவரின் கடிதம் மட்டும் வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் டைப் அடிப்பவரிடம் போனேன். பக்கத்துக்கு இருபத்தைந்து பைசா. அவர் கே, ஏ, எஸ், ஐ என்று அடித்துவிட்டார்.

"ஸார், அவர் அரபுக்காரர். எஸ் வராது" என்றேன்.

"காசிக்கு வேற என்ன வரும்? என் மச்சினன் பேரே காசிவிஸ்வநாதன்தான் ஓய்."

நகரமெங்கும் பெயர்ப்பலகைகளில் பார்த்த 'காஜி' என்ற முஸ்லிம் பெயர் நினைவுக்கு வந்தது. எஸ்ஸை எடுத்துவிட்டு இசட் போடச் சொன்னேன். என்னிடம் இருந்தவை இரண்டு லெட்டர்ஹெட் தாள்கள். இரண்டும் தீர்ந்தன. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட நினைப்போடு ரயில் ஏறினேன்.

மாட்டுங்காவிலிருந்து குர்லா ஆறு கிலோமீட்டர். அங்கே வண்டி மாறி, மூன்று கிலோமீட்டர் போனால் செம்பூர். கேட்க அரை மணிப் பயணம் மாதிரி இருக்கும். குர்லாவில் அடுத்த வண்டிக்கு முப்பத்தைந்து நிமிஷம் நின்றேன். செம்பூரில் இறங்கியபோது பத்து ஐம்பது.

எங்கள் தலைவர் அண்ணாச்சி, தாராவியில் தோல் வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்காரர், அன்று செம்பூரில் மகள் வீட்டில் இருந்தார். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பதினொன்றே காலுக்குக் கடிதத்தை வாங்கிக்கொள்ள காசியே வந்தான். அவன் தங்கியிருந்த அறையும் செம்பூரில்தான். படித்தான். மடித்து என்னிடமே நீட்டினான்.

"பாய், இது நான் இல்லை" என்றான் பம்பாய் ஹிந்தியில்.

பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினான். ஜி, எச், ஏ, இசட், ஐ. பிறகு சொல்லிக் காட்டினான். தொண்டையின் அடியில் தண்ணீரை நிறுத்திக் கொப்பளிப்பது போல ஒரு சத்தம், அதன் பின்னால் 'ஆஸி'. நான் சொன்னேன். இல்லை என்றான். மறுபடி சொன்னேன். இருமல் வந்தது. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. தொண்டைக்குப் பக்கத்தில் நம்மிடம் இருப்பது ஆய்தம்தான் என்பதால் இனி ஃகாஸி என்று எழுதுகிறேன். அதுவும் தப்புதான்.

"ரெண்டு வருஷமா ஏன் சொல்லவில்லை?" என்று எரிந்து விழுந்தேன்.

"முதல் நாளே சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களும்தான்."



அண்ணாச்சிக்கு இது எதுவும் பிடிபடவில்லை. "ஒத்தை எழுத்துக்கா இந்த வெயில்ல அலையச் சொல்லுதீரு? அங்க போய் ஆளைப் பாத்தா தெரிஞ்சிக்கிட மாட்டானா?"

"இதைக் காட்டினா, காஜின்னு எவனோ ஆடியிருக்கான், நீ யாருன்னு கேப்பாங்க" என்றான் ஃகாஸி. இரண்டு பக்கமும் நான்தான் மொழிபெயர்த்தேன். அண்ணாச்சி செருப்பை மாட்டினார்.

மிச்ச லெட்டர்ஹெட் தாராவிக் கிட்டங்கியில் இருந்தது. மறுபடி குர்லா, மறுபடி காத்திருப்பு, அங்கிருந்து தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயான். ஒன்று ஐந்துக்கு இறங்கி, ஒன்றரை கிலோமீட்டர் நடை. அண்ணாச்சி வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

கிட்டங்கியில் டைப்ரைட்டர் கிடையாது. கையால் எழுதினேன், பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வோர் எழுத்தாக. தோல் அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் கோல்கீப்பர் மீரான் எட்டிப் பார்த்தான். ஃகாஸியைப் பார்த்ததும் பெயர் சொல்லி அழைத்தான். அதே கொப்பளிக்கும் சத்தம். அச்சாக வந்தது.

"ஏலே, ஒனக்கு எப்படி வருது?" என்றார் அண்ணாச்சி.

"குர்ஆன் ஓதும்போது வார எழுத்துதான அண்ணாச்சி. நான் மொத நாள்லேந்து இப்படித்தான் கூப்பிடுதேன். செக்ரட்டரிதான் தொண்டை கட்டிருக்கா, மாத்திரை வாங்கித் தரட்டான்னு கேட்டாரு."

கேட்டிருக்கிறேன். நினைவிருக்கிறது. அன்று முழுக்க டைப் அடிப்பவர் மேலும், ரயில் மேலும், அண்ணாச்சி மேலும் இருந்த எரிச்சல் எல்லாம் ஒன்றாகத் திரும்பி என் மேலேயே வந்தது. அணி ரிஜிஸ்டரை எடுத்தேன். இரண்டு வருஷமும் என் கையெழுத்தில் காசி, காசி, காசி. அடித்துவிட்டுப் புதிதாக எழுதப் போனேன். ஃகாஸி பேனாவை வாங்கி, ஒவ்வொரு காசிக்குப் பக்கத்திலும் தன் பெயரை அரபியில் எழுதினான். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்பையும் குத்தியபோது மணி மூன்று.

போகிறவர்களுக்கு என் யோசனை: குர்லா மாற்றத்துக்கு முக்கால் மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் வேண்டாம். கூட வருபவரின் பெயரை முதல் நாளே அவர் வாயால் கேளுங்கள். வராவிட்டால் சிரிக்காமல் மறுபடி கேளுங்கள்.

நாலு இருபதுக்குச் சயான் பிளாட்பாரத்தில் ஃகாஸியை வண்டி ஏற்றினேன். கடிதம் சட்டைக்குள் இருந்தது. அதற்கு முந்தைய பத்து நிமிஷமும் தன் பெயரைச் சொல்ல எனக்குப் பாடம் நடத்தினான். சுற்றி நின்றவர்கள் நான் வாந்தி எடுக்கப் போகிறேன் என்று நினைத்து விலகினார்கள். வண்டி நகர்ந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வந்துடும் பாய்" என்றான்.

மறுநாள் அந்தச் சத்தம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, முகம் கழுவும்போது, சுத்தமாக வந்தது. இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். சரியா என்று கேட்பதற்குத்தான் அவன் இல்லை.