திரும்பி ஏறிய வண்டி

பெட்ரோல் வாடையும் மல்லிகை வாசமும் கலந்தால் என்ன மணம் வரும் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும், ஏனென்றால் அத்தையின் கல்யாணத்துக்கு மறுநாள், வியாழக்கிழமை, அவள் மடியில் உட்கார்ந்து அப்பாவின் வாடகை மோட்டாரில் பினாங்கு டவுனிலிருந்து தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவ் வரை போனேன். ஒன்றரைக்கு ராகுகாலம், அதற்குள் அவள் புகுந்த வீட்டு வாசலைத் தாண்டியாக வேண்டும். புறப்படும்போது அம்மா அவளிடம் சொன்னது ஒன்றுதான், திரும்பிப் பார்க்காதே என்று.

எந்த வண்டியில் பெண் ஏறுவது என்று ஒரு வாரமாக வழக்கு. அப்பாவுடையது அமெரிக்க வண்டி, நாலு சிலிண்டர், இருபது குதிரைச் சக்தி, முன்னே போக இரண்டே கியர், காலடியில் மூன்று மிதிகள். சூலியா தெருவில் அதற்குப் பெயர் "தகர டின்". அம்மாவின் தம்பி, என் மாமாவின் இங்கிலாந்து வண்டி "குருவி"க்கு ஏழு குதிரைதான், ஆனால் மூன்று கியர், நாலு சக்கரத்துக்கும் பிரேக். தகர டின் நாற்பது மைலில் உதறும்போது குருவி சிணுங்காமல் முந்தும்.

"மச்சான், நேரத்துக்குப் போய்ச் சேரணும்னா குருவிதான் லா."

"உன் குருவில பொண்ணு ஏறிட்டா, மாலைக்கு வேற வண்டி பிடிக்கணும்டா."

அப்பா ஜெயித்தார். குருவிக்குச் சீர்ப் பாத்திரங்கள் கிடைத்தன.

பாலிக் புலாவ் மேட்டில், பாதி வழியில், தகர டின் இருமி நின்றது. அதன் டாங்கி முன் ஆசனத்துக்கு அடியில். பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போக வேண்டும், குறைந்திருந்தால் செங்குத்தில் எட்டாது. கல்யாண அலைச்சலில் அப்பா நிரப்ப மறந்திருந்தார். குருவியின் டாங்கி எஞ்சினுக்கு மேலேயே இருந்ததால் அதற்கு அந்தக் கவலை இல்லை. மாமா அத்தைக்கு இடம் பண்ணப் பாத்திரங்களை இறக்கத் தொடங்கினார். ஏசியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். மணி ஒன்றாகப் பத்து நிமிடம்.

வழி இருந்தது, தகர டின் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த வழி: வண்டியைத் திருப்பி, பின்னால் போகும் கியரிலேயே ஏறுவது, அப்போது டாங்கி மேலே, எஞ்சின் கீழே.

"புதுப்பொண்ணு முதுகைக் காட்டிக்கிட்டா போவா?" என்று அம்மா குறுக்கே நின்றாள். மாப்பிள்ளை தன் வேட்டிக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் பேசினாள், அன்று முதல் தடவையாக.

"திருப்புங்கண்ணே."

அப்பா கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்ட, எங்களுக்கு நேர் எதிரே, மூக்கோடு மூக்காகக் குருவி, மறுபடி ஏற்றிய பாத்திரங்கள் குலுங்க, ஏறி வந்தது; அதற்கும் அப்பால் தென்னை, கடல், ஜெரெஜாக் தீவு, வடக்கே எங்கள் டவுனின் மங்கிய புகை, வளைவுக்கு வளைவு அகன்றுகொண்டே. அத்தை கண்ணை எடுக்கவில்லை. உச்சியில் வண்டியை நேராக்கியபோது ஒன்று ஐந்து. இறக்கத்தில் குருவி தன் நாலு பிரேக்கை நம்பி முந்திப் போய் ஆரத்திக்குச் சொல்லிவைத்தது. வாசலைத் தாண்டும்போது ஒன்றரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

"பாக்காதேன்னு அண்ணி சொன்னாங்க, நான் திரும்பலையே. வண்டிதானே திரும்பிச்சு," என்பாள் அத்தை, இன்றும்.

அந்த இரண்டு வண்டிகளும் ஜெலுத்தோங் பட்டறைகளில் பழைய இரும்பாகி, எந்தெந்த வீட்டுக் கம்பிகளாயினவோ தெரியாது. என் வண்டியில் பெட்ரோலைத் தள்ள ஒரு பம்ப் இருக்கிறது. அது மேட்டை நேராகவே ஏறுகிறது. டவுன், பின்னால் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் கையகலம் தெரிகிறது, முதல் வளைவிலேயே போய்விடுகிறது.