கரியமில வாயு அறையில் ஒரு தேங்காய்

பாதுகாப்பு அதிகாரி வேலையில் ஒன்றும் நடக்காத வரை வாங்குவது தண்டச் சம்பளம். ஏதாவது நடந்துவிட்டால் முதல் குற்றவாளி நாம்தான். இந்த வேலையில் நொந்த சக ஜீவன்களே, என் கதையையும் கேளுங்கள்.

கேப்டன் எங்கே?

சங்கராபுரம் பக்கம் ஒரு சாராய ஆலை. உடைத்த கப்பலிலிருந்து தீயணைக்கும் கரியமில வாயு சிலிண்டர்களை முதலாளி மலிவாக வாங்கிவிட்டார். கப்பலில் வேலை பார்த்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். ‘கேப்டன் அனுமதியின்றி உள்ளே நுழையாதே’ என்ற கப்பல் விதியைத் தமிழில் எழுதிச் சிலிண்டர் அறைக் கதவில் மாட்டினேன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையெங்கும் வெட்டிப் போட்ட மரங்கள். மேஸ்திரி கலியன் பலகையைப் படித்துவிட்டுக் கவலையோடு கேட்டார்:

“இன்னா சார், கேப்டன் வர்ற பஸ்ஸையும் மறிச்சிட்டாங்களா?”

சாவிக்குக் காவல்

அறைச் சாவி வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஆபத்தென்றால் கண்ணாடியை உடைத்து எடுக்கலாம். ஒருநாள் பார்த்தால் பெட்டியைச் சுற்றித் தகரம் அடித்துப் பூட்டியிருந்தது. பூட்டின் சாவி கச்சிராயபாளையத்தில், கலியன் வீட்டில். அங்கே போக மூன்று நாளாகப் பஸ் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். கலியன் பெருமையாகச் சொன்னார்:

“பஸ் கண்ணாடியெல்லாம் ஒடையுது சார், நம்புளுது ஒண்ணுதான் முழுசா கீது!”

அணையும் கற்பூரம்

சிலிண்டர்களை எடைபோட்டுக் கசிவு பார்க்கும் ஆள் மெட்ராசிலிருந்து வர முடியவில்லை. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. காற்றாடியைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் அறைக்குள் போக வேண்டும். எப்படியோ பூட்டுச் சாவியை வரவழைத்துவிட்ட கலியன், நேரே உள்ளே போய்ச் சிலிண்டர்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, மாலை போட்டுவிட்டார். நான் வந்து எட்டிப் பார்த்தபோது, தரையில் வைத்த தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அணைந்தது. மறுபடி ஏற்றினார், அதுவும் அணைந்தது. “சாமி ஏத்துக்க மாட்டேங்குது சார்” என்று இன்னும் குனிந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே காற்றசைவே இல்லை. கசிந்த வாயு கனமானது, தரையோடு தேங்கி நிற்கிறது. அதற்குள்தான் இந்த மனுஷன் முகத்தைக் கொண்டுபோகிறார். கத்துவதற்குள் சாய்ந்துவிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி, அவர் அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்துப் போட்டேன். அவர் இருமிக் கண் திறக்கும் வரை, அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்று அழுதுகொண்டிருந்தேன். கண் திறந்ததும் என் கையைத் தட்டிவிட்டு எழப் பார்த்தார்:

“வுடுங்க சார், தேங்கா ஒடைக்காம கெடக்குது, எடுத்துக்கினு வந்துடறேன்!”

கப்பல் விதிகளை எழுதிய மகானுபாவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள், உள்ளே ஒரு தேங்காய் பாக்கியிருக்கும் என்பதைத் தவிர.