சாப்பிட மறுத்தார்

அந்தத் தாளில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன: சாப்பிட்டார், மறுத்தார். ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கு நேரே ஏதாவது ஒன்றில் சரி போட வேண்டும். தென் லண்டனில் ஒரு மனநல மருத்துவமனையின் பூட்டிய வார்டில் நான் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தூக்குவது, குளிப்பாட்டுவது, ஏச்சு வாங்குவது என்று இருந்த வேலைகளுக்குள் மிகச் சுகமானது அந்தத் தாளை நிரப்புவதுதான் என்று நினைத்திருந்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

டிரைவர் அண்ணை அந்த வார்டுக்கு வந்து ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், ஆகியிருந்தது. லண்டன் பஸ் ஓட்டிய மனிதர். ஒரு நாள் நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி, முருகன் ஏறப் போகிறார், அதுவரை கதவை மூட முடியாது என்று பயணிகளிடம் சொல்லியிருக்கிறார். அரை மணித்தியாலம் காத்திருந்தும் முருகன் ஏறவில்லை. பொலிஸ்தான் ஏறியது. அங்கிருந்து நேரே எங்கள் வார்டு.

என் முகத்தைக் கண்டதுமே நான் யாழ்ப்பாணத்து ஆள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அப்படித்தான். இருந்தும் இருவரும் இங்கிலீசிலேயே கதைத்தோம். எங்கள் ஆட்கள் சீனி வருத்தத்தையும் முழங்கால் நோவையும் கோயில் வாசலில் நின்று ஒரு மணித்தியாலம் விவரிப்பார்கள். தலைக்குள் வருத்தம், மனநோய் என்றால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வார்கள். நான் வெளியில் போய்க் கதை பரப்பிவிடுவேன் என்று அவருக்குப் பயம். எனக்கோ வேறு பயம். சேர்ந்த முதல் நாளே பொறுப்புத் தாதி, "உங்கள் ஆட்கள் யாராவது வந்தால் தனிச் சலுகை காட்டாதே" என்று சொல்லி வைத்திருந்தார். நல்ல மனுசி, ஆனால் சட்டம் என்றால் சட்டம்தான். புதிதாகக் கிடைத்த வேலை, வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகள். நான் ஏன் வாயைக் கொடுப்பேன்?

மருந்து பிடித்தது. அவருடைய தலைக்குள் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. முகம் தெளிந்து, மற்ற நோயாளிகளுக்கு எந்த பஸ் எங்கே போகும் என்று வழி சொல்லிக்கொண்டிருப்பார். அவரை வீட்டுக்கு விடுவது பற்றி முடிவு செய்ய டொக்டர்களின் கூட்டத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கந்தசட்டி வந்தது.

ஆறு நாளும் விரதம், பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும் மட்டும், மாத்திரைகளைத் தவறாமல் விழுங்குவேன் என்று அவர் பொறுப்புத் தாதியிடம் முறையாகத்தான் சொன்னார். யாருக்காக இந்த விரதம் என்று தாதி கேட்டார். முருகனுக்காக என்றார் அண்ணை. முடிந்தது கதை! முருகன் என்ற பெயர் அவருடைய கோப்பில் ஏற்கெனவே நோயின் அறிகுறியாகப் பதிவாகியிருந்தது. பழைய வருத்தம் திரும்புகிறது, சாப்பாட்டைக் கவனித்து எழுதுங்கள் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. நான் எழுதினேன். காலை மறுத்தார், மதியம் மறுத்தார், இரவு மறுத்தார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதே ஆறு நாளும் நானும் விரதம். வருடா வருடம் பிடிக்கிற விரதம்தான். வெறும் வயிற்றோடு வந்து பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் செய்தேன். என்னை ஒருவரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை, ஏனென்றால் என் உடம்பில் சீருடை இருந்தது.

மூன்றாம் நாள் பொழுதுபட்டதும் நான் வார்டுச் சமையலறையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். பால் வாங்க வந்தவர் என் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதன்முதலாகத் தமிழ் வந்தது.

"தங்கச்சி, நீரும் சட்டி பிடிக்கிறீரோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் கை கழுவிக்கொண்டு வந்து, அவருடைய பெயருக்கு நேரே மறுபடியும் 'மறுத்தார்' என்று சரி போட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஐந்தாம் நாள் காலையில் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். இப்போதைக்கு வீட்டுக்கு விட முடியாது. சாப்பிடாமலே இருந்தால் கட்டுப்பாடு கூடிய வேறு மருத்துவமனைக்கு மாற்றுவார்கள், தேவைப்பட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு ஏற்றுவார்கள். அண்ணை தன்னுடைய கட்டிலில் போய் உட்கார்ந்து, மடித்து வைத்த உடுப்புகளை எடுத்துத் திரும்பத் திரும்ப மடித்தார்.

மதியத்துக்குள் அந்தச் செய்தி வார்டு முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். மசித்த உருளைக்கிழங்கும் மீனும். அண்ணை வழக்கம்போல் தன் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த ஐரிஷ்காரக் கிழவி ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுத் தன் தட்டையும் தள்ளினார். சாப்பாடு என்றால் உயிரை விடுகிற மனுசி! அடுத்த மேசையில் ஒருவர் தள்ளினார், பிறகு இன்னொருவர். நாள் முழுக்க டொமினோ விளையாடுகிற ஜமேக்காக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பதினொரு பேர். ஒருவர்கூடக் கத்தவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை. "அந்த மனிசனை அனுப்பாதே. அனுப்பினால் நாங்களும் சாப்பிட மாட்டோம்" என்றார் கிழவி. பிறகு என் கையிலிருந்த தாளைக் காட்டி, "எழுது மகளே, எங்கள் எல்லோரையும் எழுது" என்றார்.

பதினொரு பெயருக்கும் நேரே 'மறுத்தார்' என்று சரி போட்டேன். கடைசிப் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. அங்கே என் பெயரை எழுதினேன். அதற்கு நேரேயும் சரி போட்டேன்.

தாளை வாங்கிப் பார்த்த பொறுப்புத் தாதி, இது என்ன விளையாட்டு என்று கேட்டார். "நானும் ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை. அவர் பிடிக்கிற அதே விரதம்தான். டூட்டிங்கில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிச் சனம் இந்தக் கிழமை இப்படித்தான் இருக்கிறது. அவர் வருத்தக்காரர் என்றால் என்னையும் ஒரு கட்டிலில் போடுங்கள்" என்றேன். எங்கிருந்து அவ்வளவு இங்கிலீஷ் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "நேற்று அந்தப் பாரமான நோயாளியை நீ தனியாகத் தூக்கினாயே, வெறும் வயிற்றோடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னைப் பெரிய டொக்டரிடம் அழைத்துப் போனார். ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று டொக்டர் கேட்டபோது, பயம் என்றேன்.

இது விரதமா வருத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அடுத்ததாகக் கேட்டார். நியாயமான கேள்வி. விரதத்துக்கு முடிகிற நாள் ஒன்று இருக்கிறது என்றேன். நாளை மறுநாள் காலையில் பாறணை, அன்றைக்கு அவர் சாப்பிடுவார், சாப்பிடாவிட்டால் நான் சொன்னது பிழை. டொக்டர் யோசித்துவிட்டு, அதுவரை மாற்றத்தை நிறுத்தி வைத்தார்.

அந்த இரண்டு இரவும் நான் நித்திரை கொள்ளவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தேகம். உண்மையிலேயே அவருக்கு வருத்தம் திரும்பியிருந்தால்?

பாறணை அன்று காலை எட்டு மணிக்கு வார்டில் ஓட்ஸ் கஞ்சி. வேறென்ன இருக்கும்? அண்ணை குளித்து, தலை வாரி, மேசையில் வந்து அமர்ந்தார். பொறுப்புத் தாதி வாசலில் நின்றார். கிழவி கரண்டியைக் கையில் பிடித்தபடி அவருடைய வாயையே பார்த்தார். அண்ணை கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கரண்டியை எடுத்தார். ஒரு கிண்ணம், இரண்டாவது கிண்ணம், மூன்றாவதையும் வழித்தார். "உப்புமில்லை, உறைப்புமில்லை" என்று தமிழில் திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கிண்ணத்தை எடுக்கப் போனபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மூண்டாம் நாளே நீர் சொல்லியிருக்கலாம், தங்கச்சி."

"ஓம் அண்ணை. பயந்திட்டன்."

"நானும் உம்மைக் கண்டுதான் பயந்தனான்" என்றார்.

இரண்டு கிழமையில் அவர் வீட்டுக்குப் போனார். இன்றும் மாத்திரை எடுக்கிறார். பஸ் ஓட்டுவதில்லை, டிப்போ அலுவலகத்தில் வேலை. எங்கள் தாளில் இப்போது மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. காரணம் கேட்டு எழுதுவதற்கு.

போன மாதம் டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் என்னைக் காட்டி, ஆரண்ணை இவ, சொந்தமோ என்று கேட்டார். நான் என்ன பொய் சொல்லலாம் என்று அவசரமாக யோசித்தேன். வார்டில் இருந்த நாட்களில் அவர் கனடாவில் கலியாணத்துக்குப் போயிருந்ததாகத்தான் மனைவி ஊரெல்லாம் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"சொந்தமில்லைப் பிள்ளை" என்றார் அண்ணை, கடைக்கே கேட்கும்படி. "எனக்கு மூளை குழம்பி ஆஸ்பத்திரியில இருக்கேக்க என்னைப் பாத்தவ."

வரிசையில் நின்ற இரண்டு பேர் தங்கள் போன்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைக்காரப் பெண் முருங்கைக்காயை நிறுத்துப் பையில் போட்டார். பையைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"அண்ணை, என்ர தம்பியும் உப்பிடி ஒரு இடத்திலதான் இருக்கிறான். எட்டு மாசம். சுவிஸுக்குப் போட்டான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம்." பையின் வாயை முறுக்கினார். "நான் ஒருக்காலும் போய்ப் பாக்கேல்லை. என்னெண்டு போறதெண்டே தெரியேல்லை."

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார் அண்ணை.

அந்தப் பெண் பெயரைச் சொன்னார்.

"ரண்டு பஸ் மாறோணும். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிப்போட்டு நில்லும், நான் கூட்டிக்கொண்டு போறன்."