அக்காவின் கேள்வித்தாள்

சுகாதாரச் சமத்துவம், எல்லோரையும் உள்ளடக்கிய சமூகம் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களில் நானும் ஒருத்தி என்பதால் எரிச்சல் இரண்டு மடங்கு. என் முதல் ஆராய்ச்சி எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே நான் பிறந்து வளர்ந்த செம்பனைத் தோட்டத்தில் நடந்தது. அதில் நான் எழுதிய ஒரு பொய்யை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அப்போது நான் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவி. தோட்டத்தில் மருந்து அடிக்கும் பெண்களின் உடல்நிலையை எங்கள் பேராசிரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்து என்று நாங்கள் சொன்னது களைக்கொல்லியைத்தான். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் தெளித்துப் போக வேண்டும். முகத்தில் ஒரு பழைய துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பேராசிரியைக்குத் தமிழ் தெரியாததால் விடுமுறையில் என்னிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்து அனுப்பினார். மூக்கில் ரத்தம் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா, நகம் கழன்றதா என்று கேட்டு, உண்டு அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். உண்டு என்றவர்களை மட்டும் அடுத்த மாதம் ஒரு டாக்டர் வந்து பார்ப்பார். அவர் சீட்டு எழுதினால் நிர்வாகம் அவர்களை வேறு வேலைக்கு மாற்றும் என்று பேச்சு.

என் அக்காவும் மருந்து அடித்தாள். அப்பா போன பிறகு அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பம்பைத் தூக்கியதால்தான் என் கையில் புத்தகம் இருந்தது. இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் நான் இங்கிலீஷில் எதையாவது படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்வாள். "தொரைசாணி பேசுறாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க."

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாரையும் தனியாகக் கேள்வி கேட்க முடியாது. ஒருத்தியைக் கேட்டால் ஆறு பேர் பதில் சொல்வார்கள். மத்தியானம் வேலை முடிந்து குழாயடியில் துணி அலசும்போதுதான் எல்லோரையும் பிடிக்க முடிந்தது. நானும் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதினேன். சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது. அக்காவின் முறை வந்தபோது பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் எங்கள் எதிர்வீட்டு அத்தை. அம்பாங் பெச்சா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லோரி ஓட்டும் மாப்பிள்ளையை அக்காவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பெண் பார்க்க வருவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"மூக்குல ரத்தம் வருதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"எனக்கா? இல்ல லா! கல்லு மாதிரி இருக்கேன்."

அத்தை சிரித்தார். நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். ரத்தக்கறை படிந்த அவளுடைய தலையணை உறையை அன்று காலையில்தான் நான் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தேன். அவள் கண்ணை உருட்டினாள். நான் இல்லை, இல்லை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் வந்ததும் கேள்வித்தாளை எடுத்தேன். "மாத்தி எழுதிடறேன்க்கா. டாக்டர் வர்றப்ப உன்னைப் பார்க்கட்டும்."

"டாக்டரு வந்தா ஆயாக்கொட்டகை முன்னாடி பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கடி. தோட்டமே பார்க்கும். சீக்குக்காரின்னு பேரு வந்துட்டா அப்புறம் எவன் வருவான்? கல்யாணம் முடியட்டும். நீ சொல்ற எல்லா டாக்டரையும் பார்க்குறேன்."

நோயைச் சொன்னால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பல்கலைக்கழகம் போயும் அது என்னைவிட்டுப் போகவில்லை. பென்சிலை வைத்துவிட்டேன்.

டாக்டர் வந்தார். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை முன்னால், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பட்டியலை வைத்து நான்கு பேரைக் கூப்பிட்டார். அன்று அக்கா பம்போடு மேட்டுப் பக்கம் போயிருந்தாள். அந்த நான்கு பெண்களுக்கும் சீட்டு கிடைத்தது. அவர்கள் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாறினார்கள். அதில் ஒருவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய் முறுக்கு தின்றுவிட்டு வருவேன். அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அவர் மேல் எனக்கென்ன கோபம்? ஆனாலும் எரிகிறது.

பேராசிரியை என் வேலையை மெச்சினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் இவ்வளவு சுத்தமாக யாரும் கேள்வித்தாளை நிரப்பியதில்லை என்றார். நான் நன்றி சொன்னேன்.

கல்யாணம் தை மாதம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. தாலி கட்டும்போது அவளுக்கு இருமல் வந்தது. ஓமப்புகை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆடி முடிவதற்குள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். கடைசி வாரத்தில் அவளால் பேச முடியவில்லை. நான் இங்கிலீஷ் பேப்பரை எடுத்து உரக்க வாசித்தேன், கேலி செய்வாள் என்று. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த அன்று மச்சான் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

"முன்னாடியே ஏதும் இருந்துச்சாம்மா? உனக்குத் தெரியுமா?"

"இல்ல மச்சான்" என்றேன். குறித்துக் குறித்துப் பழகிய கை போல வாயும் பழகிவிட்டிருந்தது.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே அவ மூச்சு வாங்கினதப் பார்த்தேன். கேட்டா சங்கடப்படுவான்னு விட்டுட்டேன். சீக்கா இருந்தா என்ன, எனக்கு அவளத்தான் புடிச்சிருந்துச்சு."