அட்டை கடித்த சிப்பாய்

தெல்தோட்டைப் பக்கம் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் முதன்முதலாகப் படம் காட்டியவர் என் மாமாதான். அம்மாவின் தம்பி. கண்டி டவுன் தியேட்டரில் மெஷின் ஓட்டுகிறவர். அப்பாவுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. "கடைசி வரைக்கும் சனம் குந்திப் பாத்துச்சுன்னா நீ டவுன்லயே இரு மச்சான். எந்திரிச்சுப் போச்சுன்னா, தோட்டத்துல வந்து பேர் பதிஞ்சிரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

பொழுது சாய, காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் வெள்ளைத் துணி கட்டியாயிற்று. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் முழுக்க வந்து உட்கார்ந்தது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. மாமா கொண்டுவந்திருந்தது வெள்ளைக்காரன் சண்டைப் படம். டுமீல் டுமீல் என்று சுட்டார்கள், புகை வந்தது, கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். எல்லார் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. எவன் செத்தான், எவன் மிச்சம், ஒன்றும் விளங்கவில்லை. சனம் கொட்டாவி விட்டது.

"இதுல நம்மாளு யாருப்பா?" என்றார் ஒருவர்.

"எல்லாரும் நம்மாளுதாண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்றார் மாமா. பின்னால் பாய் சுருட்டத் தொடங்கினார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, காட்டுக்குள்ளே ஒரு சின்னச் சிப்பாய் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். கெண்டைக்காலில் கறுப்பாக ஒன்று. முதலில் கண்டது நான்தான். "அட்டை!" என்று கத்தினேன்.

களமே எழும்பிவிட்டது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்குத் தெரியாத அட்டையா?

"பிய்க்காதடா, ரத்தம் நிக்காது!"

"சுண்ணாம்பு வைடா ராசா!"

பெரியம்மா தன் சுண்ணாம்பு டப்பியைத் துணியைப் பார்த்து நீட்டியேவிட்டாள். சிப்பாய் கையாலேயே பிய்த்தான். "சொன்னா கேக்குறானா பாரு" என்று திட்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒருத்தரும் நகரவில்லை. எங்கே குண்டு விழுந்தாலும் "நம்ம பய எங்க?" என்றுதான் தேடினார்கள். சுருட்டிய பாய்கள் திரும்ப விரிந்தன.

கடைசியில் அவனும் சுடப்பட்டு விழுந்தான். துணி வெறும் வெள்ளையான பிறகும் எவரும் எழுந்திருக்கவில்லை. அப்பா மாமாவின் தோளில் தட்டி, "டவுனுக்கே போ மச்சான்" என்றார். நான் கைதட்டிக் குதித்தேன். மாமா ஜெயித்தாரே, அதுவும் என்னால்தானே!

அம்மா மட்டும் மாமாவிடம் போய், "தம்பி, அந்தப் புள்ளையோட ஆத்தாளுக்கு யாரு போய்ச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். "ஐயோ, அது படம்மா!" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். இத்தனை சந்தோஷத்தில் ஆட விடாமல் இவள் ஏன் இப்படி மூச்சு முட்டப் பிடிக்கிறாள் என்று நான் திமிறிக்கொண்டிருந்தேன்.